புதிய தொகுப்பாளரை ஏசுதல்: காமெடித் துணுக்கு நிகழ்ச்சிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பாயிரம்

காமெடித் துணுக்கு நிகழ்ச்சி மூன்று உறுப்புகளால் ஆனது. முதலாவது, பழைய படத்திலிருந்து வெட்டி எடுத்த காட்சி. இரண்டாவது, விளம்பரம். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவே வந்து நின்று பேசிவிட்டுப் போகும் ஒருவர். முதலாவதை எல்லோரும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பார்ப்பதற்கென்று யாரும் உட்காருவதில்லை. மூன்றாமவரைப் பற்றியோ வீட்டில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பேச்சு வராத கைக்குழந்தை மட்டுமே இதற்கு விலக்கு. இக்கட்டுரை அந்தக் கருத்தை ஆராய்கிறது. குறிப்பாக, பழகிய தொகுப்பாளர் போய்ப் புதியவர் வந்த முதல் சில வாரங்களில் தமிழ்நாட்டு வீடுகளின் ஹாலில் எழும் ஏச்சை அதன் வகை, காரணம், பயன் ஆகியவற்றோடு முறைப்படி விளக்குவது இதன் நோக்கம். பாயிரம் இல்லாத நூலை நன்னூலார் நூலாகவே ஒப்புவதில்லை என்பதால், முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். புதிய தொகுப்பாளர்மீது விழும் ஏச்சுக்கும் அவருடைய திறமைக்கும் தொடர்பில்லை. அந்த ஏச்சு, பார்வையாளர் தம் பங்குக்கு நடத்தும் காமெடி. அது நின்றுபோனால் நிகழ்ச்சியும் நின்றுபோகும்.

2. ஏச்சின் வகைகள்

ஏச்சு ஐவகைப்படும். அளவு பற்றியது ஒன்று: "ரொம்பப் பேசுது." ஓசை பற்றியது ஒன்று: "எதுக்கு இப்படிக் கத்துறான்?" மொழி பற்றியது ஒன்று: "ழ வரல பாரு." உடை பற்றிய நான்காவதற்குச் சொல்லே தேவையில்லை, ஒரு 'ச்சு' போதும், பாட்டிமார் அதை அளவறிந்து கொட்டுவார்கள். ஐந்தாவது வரலாறு பற்றியது: "இதுக்குப் பழைய ஆளே பரவால்ல." இவற்றுள் முதல் நான்கும் கண்முன் இருக்கும் ஆளை வைத்துச் சொல்லப்படுபவை என்பதால் சரிபார்க்கக்கூடியவை. சரிபார்த்தால் நிற்காதவையும் அவையே. தொகுப்பாளர் ஒரு துணுக்குக்கும் மறு துணுக்குக்கும் இடையில் பேசும் பகுதியைத் தொழிலில் 'லிங்க்' என்பார்கள். அது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விளம்பரமோ மணிக்கு 12 நிமிடம் வரை போகலாம் என்று விதியே இடம் தருகிறது. பன்னிரண்டு நிமிடம் சோப்பும் மசாலாவும் பேசும்போது 'ரொம்பப் பேசுது' என்று எந்த வீட்டிலும் குரல் எழுவதில்லை. எழுந்து போய்க் குக்கரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு நிமிடம் பேசியவருக்குத்தான் அந்தப் பட்டம். தவிரவும், 'ரொம்பப் பேசுது' என்று அத்தை சொன்ன அதே மாலையில் 'ஒண்ணுமே பேசத் தெரியல' என்று மாமா சொல்கிறார். இருவரும் மற்றவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறார்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகளுக்கு ஒரே சோபாவில் ஒரே நேரத்தில் ஒப்புதல் கிடைக்குமானால், அவை விமர்சனம் என்ற வகையில் சேரமாட்டா. அவை வேறு ஏதோ ஒரு வேலையைச் செய்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

3. சுருக்க வரலாறு

அந்த வேலை எது என்று அறிய, தொகுப்பாளரே இல்லாத காலத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் தெருவே கூடிப் பார்த்த வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒருவர் வந்து அடுத்த பாட்டு எவ்வளவு இனிமையானது என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. இதனால் ஏச்சு இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. மொட்டைமாடி ஆன்டெனாவை ஏசினார்கள். அதைத் திருப்பப் போன பையனை ஏசினார்கள். மின்சாரம் போனால் வாரியத்தை ஏசினார்கள். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையைப் பார்த்து, அது வருந்தும் விதம் போதாது என்றார்கள். ஆக ஏச்சு மூத்தது, தொகுப்பாளர் இளையவர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபின் தனியார் அலைவரிசைகளில் நின்று சிரித்துப் பேசும் ஆட்கள் பெருகினார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அர்ச்சனாவும் சிட்டிபாபுவும் நடத்திய 'காமெடி டைம்' துணுக்கு நிகழ்ச்சிக்கு ஓர் இலக்கணத்தையே வகுத்தது. 2009இல் ஆதித்யாவும் சிரிப்பொலியும் நாள் முழுக்கக் காமெடி காட்டும் அலைவரிசைகளாகத் தொடங்கியபோது, இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் நடுவில் நிற்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதுவரை ஆன்டெனாவுக்கும் மின்வாரியத்துக்கும் சிதறிப் போய்க்கொண்டிருந்த ஏச்சுக்கு ஒரு முகம் கிடைத்தது.

4. கருதுகோள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி நகையை முதலில் வைக்கிறார். அது பிறக்கும் இடங்களாக நான்கைக் காட்டுகிறார். பிறரை எள்ளுவதில் ஒரு சிரிப்புப் பிறக்கிறது, இளமையின் மழலையில் ஒன்று, அறிவின்மையாகிய பேதைமையில் ஒன்று, மடனில் ஒன்று. மடன் என்பது, ஒருவர் சொல்லக் கேட்டுப் பிடித்துக்கொண்டதைப் பிறகு விடாதிருத்தல் என்று உரைகாரர் விளக்குவர். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியில், இரண்டாவது பழம் எங்கே என்ற கேள்விக்குக் கையிலிருக்கும் ஒற்றைப் பழத்தையே கடைசிவரை விடையாகச் சாதிக்கும் செந்தில், இந்த உரைக்கு இதுவரை கிடைத்தவற்றுள் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளையிடம் நாம் காண்பது பேதைமை. தன் வலிமையைப் பற்றித் தனக்கே ஏதும் தெரியாத நிலை அது. இந்தப் பேதைமையும் மடனும் மழலையும் திரைக்குள்ளேயே தொடங்கித் திரைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பார்வையாளர் சிரித்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. எள்ளல் அப்படியன்று. கவுண்டமணி செந்திலை ஐந்து நிமிடம் விளாசும்போது பார்வையாளர் கவுண்டமணியின் பக்கம் நின்று மனத்துக்குள் அவரோடு சேர்ந்து விளாசுகிறார். காட்சி வெட்டுப்பட்டு நின்றதும் கவுண்டமணி போய்விடுகிறார், செந்திலும் போய்விடுகிறார். நாக்கு மட்டும் சூடேறிய நிலையில் நிற்கிறது. அந்த நொடியில் திரையில் பளிச்சென்ற உடையில், தனியாக, துணைக்கு ஆளின்றி ஒருவர் தோன்றி, "செம்ம காமெடில்ல?" என்று கேட்கிறார்.

இதிலிருந்து கிடைக்கும் கருதுகோளை 'எஞ்சிய எள்ளல் கொள்கை' எனலாம். துணுக்கு எழுப்பிவிட்ட எள்ளலில் ஒரு பகுதி துணுக்கு முடிந்தபின்னும் பார்வையாளரிடம் மீந்து நிற்கிறது; அது அடுத்து வரும் ஆள்மேல் இறங்குகிறது; அடுத்து வரும் ஆள் எப்போதும் தொகுப்பாளர். சுருங்கச் சொன்னால், நிகழ்ச்சியின் அரைமணி நேரத்துக்கு வீட்டிலிருப்பவர் கவுண்டமணி, தொகுப்பாளர் செந்தில். விளாசும் சொல்லும் பெரும்பாலும் சற்றுமுன் பார்த்த துணுக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது இதற்கு வலுவான சான்று. வடிவேலு சொன்னதையும் கவுண்டமணி சொன்னதையும் அன்றாடப் பேச்சில் பழமொழிபோல் எடுத்தாளும் வழக்கம் தமிழரிடம் பரவலாக உண்டு. அந்த வழக்கத்தைப் பழகிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அலுவலக மேலாளர்மேல் பழகினால் வேலை போகும், மாமனார்மேல் பழகினால் சோறு போகும். தொகுப்பாளர்மேல் பழகினால் எதுவும் போகாது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அவருக்குக் கேட்பதே இல்லை.

5. சான்றுகள்

முதற்சான்று இரட்டையர். 'காமெடி டைம்' நிகழ்ச்சியில் இருவர் இருந்தார்கள்; ஒருவர் சொல்வதை மற்றவர் வாரினார். ஒருவர் கடிஜோக் சொன்னால், அது கடிஜோக் என்று வீட்டிலிருப்பவர் வாயெடுப்பதற்குள் மற்றவர் சொல்லிவிட்டார். எள்ளும் இடமும் எள்ளப்படும் இடமும் இரண்டும் திரைக்குள்ளேயே நிரம்பிவிட்டதால் பார்வையாளருக்குக் காலி இடம் கிடைக்கவில்லை. அவர் சும்மா சிரித்தார். தோல்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இரட்டையராகவே வருவதும், கவுண்டமணியும் செந்திலும் பிரியாதிருந்ததும் இதே கணக்கில்தான். தனியாக நிற்கும் தொகுப்பாளரிடம் எள்ளும் இடம் காலியாக இருக்கிறது. காலியாக இருக்கும் இடத்தில் தமிழன் உட்காருவான் என்பதற்குப் பேருந்தில் போடப்படும் கைக்குட்டையே சாட்சி.

இரண்டாவது சான்று தெருக்கூத்துக் கட்டியங்காரன். அவனும் ஒரு தொகுப்பாளன். எல்லோருக்கும் முன்னால் வருகிறான், கதை சொல்கிறான், திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷக்காரரை 'நீர் யார்' என்று கேட்டு அறிமுகப்படுத்துகிறான். இரவெல்லாம் நடுவில் நின்றும் அவனை யாரும் 'ரொம்பப் பேசுகிறான்' என்று சொல்வதில்லை. காரணம் ஒன்றுதான்: அவனுக்குத் துரியோதனனையே கிண்டல் செய்யும் உரிமை உண்டு. அரசனே ஆனாலும் இடைமறிப்பான், உளறினால் உளறல் என்பான், உள்ளூர்ச் செய்தியைக் கதைக்குள் இழுத்துவிட்டு வருவான். துணுக்கு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கு அந்த உரிமை இல்லை. நாகேஷையோ வடிவேலுவையோ அவர் ஒரு சொல் குறைத்துப் பேசினால் மறுநாள் வேறு தொகுப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். எனவே அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே தொழில் புகழ்வது. 'திருவிளையாடல்' (1965) தருமிக்கும், 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல நடுங்கும் பாலையாவுக்கும் இன்றைக்குப் புதிதாகச் சான்றிதழ் தேவையில்லை. நன்னூலார் ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர்களாக ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர் என்று நால்வரைக் குறிப்பிடுகிறார். நேற்று வேலைக்குச் சேர்ந்த தொகுப்பாளர் நாகேஷுக்கு இந்நால்வரில் யாருமில்லை. உறவில்லாதவர் வந்து நம் வீட்டுப் பிள்ளையை நம்மிடமே புகழும்போது, பிள்ளையின் பெருமையில் நமக்கு ஐயம் வருவதில்லை. வந்தவர் பேரில்தான் வருகிறது.

மூன்றாவது சான்று கடல் கடந்தது. வீட்டில் எடுத்த வேடிக்கை வீடியோக்களைத் தொகுத்துக் காட்டும் அமெரிக்க நிகழ்ச்சி 'அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்'. ஜப்பானில் டிபிஎஸ் அலைவரிசையில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பகுதியிலிருந்து கிளைத்து, 1989இல் சிறப்பு நிகழ்ச்சியாகவும் 1990 முதல் தொடராகவும் வந்தது. பாப் சாகெட் 1997 வரை நடத்தினார். அவர் வெறுமனே புகழ்ந்துகொண்டு நிற்கவில்லை. வழுக்கி விழுபவருக்கும் நாய்க்கும் பூனைக்கும் தாமே குரல் கொடுத்துக் கேலி செய்தார். அவருக்குப் பின் வந்த ஜான் ஃபியூகல்சாங், டெய்ஸி ஃபுவென்டஸ் இணை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளோடு முடிந்தது. 2001இல் வந்த டாம் பெர்ஜரான் 2015 வரை நிலைத்தார். பிரிட்டனின் 'யூவ் பீன் ஃப்ரேம்டு' நிகழ்ச்சி இன்னும் தெளிவாகப் பாடம் சொல்கிறது. 1990இல் ஜெரமி பீடிலோடு தொடங்கி, சிலரை மாற்றிப் பார்த்து, 2004 முதல் ஹாரி ஹில்லின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை நீக்கிவிட்டார்கள். அந்தக் குரல் துணுக்கில் வருபவர்களை ஓயாமல் வாரியது. மற்ற எல்லோரையும்விட அதிக காலம், 2022 வரை, அதுவே தாங்கியது. அங்கே துணுக்கில் விழுபவர் முகம் தெரியாத யாரோ ஒருவர். அவரைத் தொகுப்பாளர் எள்ளலாம், எள்ளலை வீட்டுக்காரருக்கு விட்டுவைக்காமல் தாமே செலவழித்துவிடலாம். இங்கே துணுக்கில் விழுபவர் வடிவேலு. இரண்டு நாட்டுத் தொகுப்பாளர்களுக்கும் வேலையின் பெயர் ஒன்றானாலும் பாரம் ஒன்றன்று.

நான்காவது சான்று, தொழிலின் செய்முறை. பெரும்பாலும் பல எபிசோடுகளுக்கான லிங்க்குகளை ஒரே நாளில், பச்சைத் திரைக்கு முன்னால், எபிசோடுக்கு ஓர் உடையாக மாற்றி மாற்றி எடுத்துவிடுவார்கள். துணுக்கு பிறகு எடிட்டிங்கில் சேரும். அதாவது "சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குது" என்று சொல்பவர் அப்போது எதையும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இதை எந்தப் பார்வையாளருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் "சிரிப்பு ஒட்டல" என்று பாட்டி முதல் லிங்க்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். 1950களில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் ஒரு பெட்டியில் பதிவுசெய்த சிரிப்புகளை அடைத்து, வேண்டிய இடத்தில் பொத்தானை அழுத்திச் சிரிக்கவைக்கும் கருவியைச் செய்தார். அந்தப் பெட்டியின் வேலையைத்தான் இங்கே ஒரு மனிதரிடம் கொடுத்திருக்கிறோம். பெட்டியை யாரும் ஏசியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டிக்கு உடை இல்லை, ழகரம் இல்லை, முந்தைய பெட்டியோடு ஒப்பிட ஆளும் இல்லை.

ஐந்தாவது சான்று தொலைபேசி. கொள்கைக்கு எதிரான சான்றுபோல் முதலில் தோன்றும் இதுவே அதன் தலையாய தூண். நேயர் போன் செய்து விருப்பமான காமெடியைக் கேட்கும் நிகழ்ச்சியில், இணைப்புக் கிடைத்தவர் பேசுவதைக் கவனிக்க வேண்டும். "லைன் கெடைச்சதே பெரிய விஷயம்க்கா." "உங்க டிரஸ் சூப்பரா இருக்குக்கா." "நீங்க பேசுறதக் கேக்கவே டெய்லி பாக்குறோம்." டிவி வால்யூமைக் குறைக்கச் சொல்லி மூன்று முறை கேட்கப்பட்டும் குறைக்காமல், வீட்டிலுள்ள அத்தனை பேர் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு வைக்கிறார். நேற்றுவரை இதே வாய்தான் "ழ வரல" என்றது. இதைப் பொய் என்றோ வெளிவேஷம் என்றோ ஒதுக்கினால் ஆய்வு தவறிவிடும். இணைப்புக் கிடைத்த நொடியில் அவர் இடம் மாறிவிட்டார். இதுவரை சோபாவிலிருந்து எள்ளியவர் இப்போது திரைக்குள் எள்ளப்படும் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தம் குரலைக் கேட்டுத் தமிழ்நாட்டின் மற்ற ஹால்களில் இந்நேரம் என்னென்ன சொல்லப்படுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே சொல்லிப் பழகியவர். ஒரே பக்கத்தில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் 'அக்கா', 'தம்பி' என்று தாங்கிக்கொள்வது இயல்பு. எள்ளலைத் தொல்காப்பிய உரைகாரர் பேராசிரியர் இருவகையாகப் பார்த்தார்: தான் பிறரை எள்ளுவதிலும் சிரிப்புண்டு, பிறர் தன்னை எள்ளும்போதும் சிரிப்புண்டு. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஓர் உள்ளூர் அழைப்பின் செலவில் கடந்துபோகலாம் என்பதை நேயர்கள் நிறுவிக்காட்டியிருக்கிறார்கள்.

6. தடைகளும் விடைகளும்

புதியவர் என்பதால்தான் பிடிக்கவில்லை, நாளானால் சரியாகிவிடும், இதற்குக் கொள்கை எதற்கு என்பது முதல் தடை. இதற்கு ஆதாரமாக உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். பொருளில்லாச் சொற்களையும் முகப்படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினால், காட்டிய அளவிலேயே விருப்பம் கூடுகிறது என்று அவர் கண்டார். அப்படியானால் நாற்பது முறை பார்த்த துணுக்கு இனிப்பதும் முதன்முறை பார்த்த தொகுப்பாளர் கசப்பதும் இயல்புதானே? பாதி உண்மை. பழக்கம் ஏச்சு எப்போது தணியும் என்பதை விளக்கும். ஏச்சு ஏன் அவ்வளவு நயத்தோடு வருகிறது என்பதை விளக்காது. நெடுந்தொடரில் ஒரு நாள் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு மருமகளையே மாற்றிவிடுகிறார்கள். அங்கும் புதிய முகம்தான். பார்வையாளர் இரண்டு நாள் குழம்பி, மூன்றாம் நாள் புதிய மருமகளுக்காகக் கண்ணீர் விடத் தயாராகிறார். அவரைப் பற்றிக் கிண்டல் எதுவும் பிறப்பதில்லை. முன்னே ஓடியது அழுகை என்பதால் மீந்து நிற்பதும் அழுகையாகவே இருக்கிறது. புதுமை இரண்டிடத்திலும் பொது. எள்ளல் ஓரிடத்தில் மட்டும்.

சில தொகுப்பாளர்கள் மெய்யாகவே மோசம் என்பது இரண்டாவது தடை. இருக்கலாம்; கட்டுரை அதை மறுக்கவில்லை. ஆனால் துணுக்குக்கு நடுவே நின்று ஏச்சு வாங்கிய அதே நபர், வேறு நிகழ்ச்சியில் விருந்தினரோடு உட்கார்ந்து பேசும்போது "நல்லாப் பேசுறாரே" என்ற பெயரை வாங்குவதுண்டு. பல், குரல், ழகரம் எல்லாம் அதேதான். மாறியது நிற்கும் இடம் மட்டும். குணம் ஆளுக்கு உரியதானால் இடம் மாறினாலும் கூடவே வர வேண்டும்; வரவில்லை என்றால் அது இடத்துக்கு உரியது. ஐந்தாம் வகை ஏச்சும் இதையே சொல்கிறது. இன்று 'பழைய ஆள்' என்று உயர்த்தப்படுபவர், தாம் புதியவராக இருந்தபோது அவருக்கு முந்தைய ஆளோடு ஒப்பிடப்பட்டவரே. பதவி போனால்தான் இங்கே பெருமை வரும். அரசியலுக்கு நேர் எதிரான இந்த முறை தனி ஆய்வுக்கு உரியது.

இமான் அண்ணாச்சியை மக்கள் கொண்டாடினார்களே என்பது மூன்றாவது தடை. கொண்டாடினார்கள். ஆனால் ஆதித்யாவின் 'சொல்லுங்கண்ணே சொல்லுங்க' நிகழ்ச்சியில் அவர் பிறர் காமெடிக்குப் பாயிரம் பாடவில்லை. தெருவில் போகிறவரை நிறுத்தி, நெல்லைப் பேச்சில் கேள்வி கேட்டு, கிடைத்த விடையை வாரினார். கட்டியங்காரனின் உரிமையை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். எள்ளும் இடத்தில் அவரே உட்கார்ந்துவிட்டதால் நமக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. எனவே இது தடையாக வந்து சான்றாகச் சேர்கிறது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, தொகுப்பாளரையே எடுத்துவிட்டால் என்ன என்பது கடைசித் தடை. துணுக்குக்குத் தொகுப்பாளர் தேவையில்லை என்பது 2019 மே மாதத்திலேயே தெரிந்துவிட்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணிக்காகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் சமூக ஊடகங்களில் ஒரு மாநிலமே பிரார்த்தித்தது. யாரும் நடுவில் வந்து நின்று அதை அறிமுகப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் காட்சியைக் கொண்டாடியவர்கள் தனித்தனியாக இருந்தும் கூட்டமாகச் சிரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிரிப்புக்கு எதிரொலி வேண்டும் என்று ஹென்றி பெர்க்சன் 1900இல் எழுதினார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று பின்னாளில் ராபர்ட் ப்ரோவைன் கணித்தார். மதியம் இரண்டு மணிக்குத் தனியாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கூட்டத்தைத் தருபவர் தொகுப்பாளர். அவரோடு சேர்ந்து சிரிக்காவிட்டாலும் அவரைப் பார்த்தாவது சிரிக்கலாம். எடுத்துவிட்டால் நேரும் கேடு இன்னொன்றும் உண்டு. ஒரே வாழைப்பழக் காட்சியை ஒரே மாதத்தில் பலமுறை பார்ப்பவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சலிப்பு வந்தே தீரும். கட்டி முடியாத வீட்டின் முகப்பில் தொங்கும் திருஷ்டி பொம்மை கண்ணேறு முழுவதையும் வாங்கிக்கொண்டு வீட்டைக் காப்பதுபோல, அந்தச் சலிப்பைத் தொகுப்பாளர் தம் உடையிலும் குரலிலும் வாங்கிக்கொள்கிறார். அவர் இல்லாவிட்டால் அது கவுண்டமணிமேல் விழும். "இதையே எத்தன தடவ போடுவானுங்க" என்ற குரல் எழுந்த வீட்டில் அடுத்து நடப்பது, ரிமோட்டைத் தேடுவது.

7. முடிவும் பரிந்துரைகளும்

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: புதிய தொகுப்பாளர் ஏசப்படுவது நிகழ்ச்சியின் குறையன்று, நிகழ்ச்சி ஓடுவதன் அறிகுறி. அலைவரிசைகளுக்கான பரிந்துரை, தனி ஆளை நிறுத்தினால் அவரை யாராவது வாரட்டும் என்று திரையிலேயே ஒரு துணையை அமர்த்துவது. பட்ஜெட் இல்லையென்றால் வீட்டிலிருப்பவர் இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொந்தரவு செய்யாதிருப்பது. நாள்பட்டு, ஏச்சு வற்றி, மக்கள் தொகுப்பாளரை மரியாதையோடு பார்க்கத் தொடங்கிவிட்டால், அவரை உடனே இசை நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டுப் புதியவரைக் கொண்டுவருவது நலம். தொகுப்பாளர்களுக்கான பரிந்துரை, வடிவேலுவுக்குச் சான்றிதழ் வழங்குவதை நிறுத்திவிட்டுத் தம்மைத் தாமே முதலில் வாரிக்கொள்வது. வீட்டிலிருப்பவர் சொல்ல வந்ததை முந்திச் சொல்லிவிட்டவரை அவர் ஒன்றும் செய்ய முடியாது. பார்வையாளர்களுக்குப் பரிந்துரை எதுவும் தேவையில்லை. அவர்கள் தங்கள் பங்கை எவ்விதப் பயிற்சியும் சம்பளமும் இன்றி, பல தொகுப்பாளர்களைவிடச் சிறப்பாகவே செய்துவருகிறார்கள். சம்பளப் பேச்சு எழாதவரை இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நட்டமில்லை.